காய்ச்சல் என்று எழுதினேன்

சனிக்கிழமை இரவு பாஸ்டர் போன் செய்தார்.
நாளைக்கு மன்றாட்டு ஜெபம் உங்கள் முறை, டிரசர்.
உலக சமாதானம், எஸ்பிஎம் எழுதும் பிள்ளைகள்,
அப்புறம் அந்த அன்னக்கொடிக்காகவும்
ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரி.

அன்னக்கொடி எங்கள் சபை இல்லை.
ஆறாம் லயத்துக்காரி,
முனியாண்டிக்குக் கூழ் ஊற்றுகிறவள்.
பதினோரு வருடம் செம்பனைக்கடியில்
முதுகில் பம்போடு மருந்தடித்தாள்.
நகம் கழன்று வந்த அன்று
அதைப் பனடோல் உறையில் மடித்து
என் மேசைமேல் வைத்தாள்.
"பத்திரமா வைங்கய்யா. என்னோடது."

நான் புத்தகத்தைத் திறந்து
தோல் அரிப்பு என்று எழுதினேன்.
மூக்கில் ரத்தம் வந்த நாளில்
காய்ச்சல் என்று எழுதினேன்.
காய்ச்சல் இல்லை.
முப்பத்தேழுக்கு மேல் பாதரசம் ஏறவே இல்லை.
கண்ணாடிக் குழாய்க்குப் பொய் தெரியாது,
அதை உதறி உள்ளே வைத்தவனுக்குத் தெரியும்.

கண்ட்ராக்டர் தேவசகாயம் ஒருநாளும்
பொய் எழுது என்று சொன்னதில்லை.
கிளினிக் வாசலில் ஹைலக்ஸை நிறுத்தி
எஞ்சினை அணைக்காமலே கேட்பார்:
"என்ன டிரசர், காய்ச்சல்தானே?"
பழக்காலமென்றால் ஒரு கூடை டூரியான் இறங்கும்.
எங்கள் கோயிலின் மின்விசிறி ஆறும்
அவர் கொடுத்தவை.
இறக்கைதோறும் அவர் அப்பா பெயர்.
சுற்றும்போது பெயர் தெரியாது,
காற்று மட்டும் வரும்.

போன செவ்வாய் பாலிங் ஆஸ்பத்திரியில்
அவள் மூச்சு நின்றது.
நாங்கள் ஏழு பேர் வேனில் போனோம்,
கையில் ரொட்டியும் மைலோ டின்னும்.
இதிலும் ஏதோ ஒரு நோக்கம் இருக்கும் என்றார்
எங்களில் ஒருவர், காலணியைக் கழற்றிக்கொண்டே.
அவள் மகன் வீரசிங்கம் கூடாரக் கம்பைப் பிடித்தபடி
என்னைப் பார்த்துத்தான் கேட்டான்:
"உங்க சாமிக்கு இதெல்லாம் தெரியுமாய்யா?"

நல்ல கேள்வி.
செமினாரியில் படித்தவர்கள் இதற்குப் பதில் தேடி
தலை நரைத்துப் போனார்களாம்.
எனக்கு நரைக்க நேரமில்லை.
சாமிக்குத் தெரியுமோ என்னவோ, தம்பி,
எனக்குத் தெரியும்.
தேதியோடு தெரியும்.
இதை அவனிடம் நான் சொல்லவில்லை.
மைலோ டின்னைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை
பைபிளுக்குப் பதில் புத்தகத்தைக் கொண்டு போனேன்.
நீல அட்டை, ஓரம் கரையான் அரித்தது.
கண்களை மூடுங்கள் என்று சொல்லவில்லை.
வாசித்தேன்.
மார்ச் நான்கு, அன்னக்கொடி, காய்ச்சல். காய்ச்சல் அல்ல.
மார்ச் பத்தொன்பது, சரசம்மா, வாந்தி. கெட்ட மீன் அல்ல.
ஜூன் இரண்டு, பங்களாதேஷ்க்காரர் ரஃபிக்,
பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருக்கிறேன், ஆண்டவரே.
இருபத்தாறு வரிகள்.
எழுதிய கை இது.
ஆமென் சொல்ல யாருக்கும் இடம் தெரியவில்லை.
விசிறிகள் சுற்றின.

திருவிருந்துத் தட்டை ஏந்துவதும்
அன்று என் முறைதான்.
கிளினிக்கில் இருமல் மருந்து கொடுக்கும்
அதே அளவுக் குட்டிக் கிண்ணங்கள்.
இரண்டாம் பெஞ்சில் தேவசகாயம்.
கடந்து போயிருக்கலாம்.
நான் மட்டும் எந்தத் தகுதியில் குடித்தேன்?
தட்டை நீட்டினேன்.
அவர் கை எழவில்லை.
நானும் நகரவில்லை.
பின்பெஞ்சில் ஒரு குழந்தை தும்மியது.
கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசிய சத்தம்
என் கையிலிருந்துதான் வந்தது.

திங்கட்கிழமை காலை பஸ் ஏறி
சுங்கைப் பட்டாணி தொழிலாளர் இலாகாவுக்குப் போனேன்.
கிளினிக்குக்குப் பூட்டு,
என் வேலைக்கும் அநேகமாக.
முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண்
பக்கங்களைப் புரட்டினாள், முகம் சுளித்தாள்.
"டெமாம், டெமாம், எல்லாம் டெமாம்தானே, பாக்சிக்.
யார் எழுதியது?"

நான்தான் என்றேன்.
பாரத்தில் முதலில் என் பெயரை எழுதிக்கொள் என்றேன்.
பிறகு பனடோல் உறையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து
அவள் மேசைமேல்
மெல்லப் பிரித்தேன்.