வெறும் பெட்டியின் எடை

டிசம்பர் பதினெட்டு. தண்டர் பே துறைமுகம்.
காலை ஏழரை, இன்னும் விடியவில்லை.
எடைமேடை அறையின் கண்ணாடியில்
ஆவி படிந்த இடத்தில் யாரோ விரலால் எழுதியிருக்கிறார்கள்:
இன்னும் ஒரே நாள், ஐலா.
எழுத்துகளின் காலிலிருந்து தண்ணீர் வழிகிறது.

முப்பத்தோரு வருடம் கோதுமையை நிறுத்தேன்.
ரயில்பெட்டி நிறைந்து வரும், எழுதிக்கொள்வேன்.
கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும், அதையும் எழுதுவேன்.
கழித்தால் வருவது சரக்கு.
இந்த வேலையில் வேறு ரகசியம் கிடையாது.
வெறும் பெட்டியை நிறுக்க மறந்தால்
கப்பல் முழுக்கப் பொய்.

வீட்டுக் கணக்கை அப்படிப் போட்டதில்லை நான்.
ரெய்னோ போன பிறகுதான் தெரிந்தது
அவன் இல்லாத வீடு
எவ்வளவு கனம் என்று.

தூரமாகவும் போகவில்லை அவன்.
நான்கு வீடு தள்ளி,
பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் டோரீன் வீட்டுக்கு.
போன பனிக்காலம் முழுக்க
அந்தப் பக்கம் திரும்பாமலே காரைப் பின்னுக்கு எடுத்தேன்.
அஞ்சல்பெட்டி ஒன்றை இடித்தேன்,
என்னுடையதுதான்.

இந்த நவம்பரில் ஒரு காலை.
இரவெல்லாம் கொட்டிய பனி
தெருவில் இருக்கிறது, கூரையில் இருக்கிறது,
என் வாசலில் மட்டும் இல்லை.
ஓரத்தில் இடதுகால் இழுத்து நடந்த தடம்.
எனக்குத் தெரியாத காலா?
நன்றி சொல்ல வாய் வரவில்லை.
திட்டவும் வரவில்லை.
காப்பியைக் குடித்துவிட்டு
வழித்துவிட்ட அந்தப் பாதையிலேயே வேலைக்குப் போனேன்.
அதுவும் ஒரு ரசீது என்றுதான் நினைக்கிறேன்.

சாரா கால்கரியிலிருந்து கூப்பிடுகிறாள்.
"குழந்தைக்குப் பல் வந்துவிட்டது, அம்மா.
இந்தக் கிறிஸ்துமஸுக்காவது நீ விருந்தாளியாக வா.
எதையும் சமைக்காதே."
சமைக்காத நான் யார் என்று கேட்கவில்லை.
டிக்கெட் எடுத்தாயிற்று.

ஒன்றுதான் உறுத்தியது.
இருபத்துநாலாம் தேதி மாலை
அம்மாவின் கல்லறையில் மெழுகுவத்தி வைக்க
இந்த வருடம் ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை கதவு தட்டினாள் டோரீன்,
தொப்பியைக் கழற்றாமல், செருப்பைக் கழற்றாமல்,
உள்ளே வராமல், திரும்பியும் போகாமல்.
"ரெய்னோ சொன்னான். நான் வைக்கட்டுமா?"
குளிர் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி
சமையலறை வரைக்கும் போய்விட்டது.
"மேற்கிலிருந்து காற்று வரும்," என்றேன்.
"கல்லுக்குக் கிழக்குப் பக்கம் வையுங்கள்."
நாங்கள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரி என்று
துறைமுகத்தில் எனக்குப் பெயர்.
டோரீனை நிறுத்த அன்று
தட்டில் என் கோபமும் ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறது.
அதைக் கழித்துப் பார்க்க
ஒரு வருடம் ஆயிற்று.
இன்னும் முழுதாகக் கழியவில்லை, உண்மையைச் சொன்னால்.

மதியம் கேக் வெட்டினார்கள்.
கிரீமில் 'லைலா' என்று எழுதியிருந்தது.
லைலாவுக்காகவும் எல்லோரும் கைதட்டினார்கள்.
மார்செல் அழுதான்; பனிக்காலச் சளி என்றான்.

மூன்றரைக்கு நார்வால் பாயிண்ட் கிளம்பியது,
நான் நிறுத்த கடைசிக் கோதுமையோடு.
ஏரியின் ஓரங்களில் மெல்லிய பனிக்கட்டி
அப்பளம்போல் நொறுங்கி விலகியது.
அந்த மாவில் எந்த ஊரில் யார் ரொட்டி சுடுவார்கள்,
ஒருநாளும் எனக்குத் தெரியப்போவதில்லை.
பசிக்குப் பின் வரும் அந்த ஒரு பெருமூச்சில்
ஒரு தானியமாவது என் கணக்கு.
போதும்.

எல்லோரும் போனபின்
ரயில் ஏறும் எடைமேடையில் நான் ஏறி நின்றேன்.
பூட்ஸும் கோட்டும் கேக் டப்பாவுமாய்
எழுபதாவது இருப்பேன்.
ஐம்பது என்றது.
ஐம்பது ஐம்பதாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
மீதியை
என்னிடமே விட்டுவிட்டது.

பேரேட்டில் தேதி போட்டேன்.
வெறும் பெட்டி என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று கொஞ்சநேரம் நின்றேன்.
மார்செல் வெளியே ஹாரன் அடித்தான்.