ஐந்தாம் மாடிக் கயிறு

இன்று மின்சாரம் ஒன்பதிலிருந்து ஒன்று வரை.
தேர்வு பத்துக்கு.
அதற்குள் தண்ணீர் ஏற வேண்டும், அரிசி வேக வேண்டும்,
கட்டிடம் முழுக்க ஒரே நேரத்தில் மோட்டார் போடும்போது
என் விளக்கு மட்டும் மங்காதிருக்க வேண்டும்.

ஏழு மாதம்.
பகலில் மருந்து மொத்தக் கடையில் ரசீது அடித்தேன்.
இரவில் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு
சுரங்கத்துக்குள் இறங்குகிறவள்போல்
நெட்வொர்க் பாடத்துக்குள் இறங்கினேன்.
ஆறு பேராகத் தொடங்கினோம்.
கியாவ் மின் பாஸ்போர்ட் கிடைத்த வாரமே
பாங்காக் போய்விட்டான்.
டாலர் ஏற ஏற மற்றவர்கள் உதிர்ந்தார்கள்.
எங்கள் ஊர் அட்டையை அவர்கள் ஏற்கமாட்டார்களாம்.
செலீனாவின் நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து கட்டினாள்.
எதை விற்று அவள் கடனை அடைத்தேன் என்று
வீட்டில் கேட்டுவிடாதீர்கள்.

பாக்கெட் என்றால் என்ன என்பது
புத்தகத்தில் புரியவில்லை எனக்கு.
ரங்கூனில் எங்கள் தெருவில்
மாடிக்கு மாடி கயிறு தொங்கும்.
கீழ் நுனியில் கவ்வி, மேல் நுனியில் மணி.
லிப்ட் இல்லாத வீடுகளுக்கு
பேப்பரும் பில்லும் சாவியும் அதில்தான் ஏறும்.
முகவரி: பச்சை நைலான், ஐந்தாம் மாடி.
மணி அடித்தால் வந்து சேர்ந்தது என்று பொருள்.
யாரும் எடுக்காவிட்டால் மறுபடி இழு.
மூன்று முறைக்குப் பிறகு உன் வழியே போ.
இதற்குப் போய் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

பத்துக்கு ஐந்து நிமிடம்.
கண்காணிப்பாளர் எந்த ஊரோ,
முகம் காட்டாமல் எழுத்தாக வந்தார்.
பாஸ்போர்ட்டைக் காட்டு.
அதில் என் பெயர் சூ சூ மார்.
சூ சூ மார் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க
குமுதினிக்குக் கை நடுங்கியது.
அறையைச் சுற்றிக் காட்டு.
மேசைக்கு அடியில் காட்டு.
முருகனை விட்டுவிட்டார்,
காலண்டரைத் திருப்பச் சொன்னார்.
ஜன்னலில் என்ன அது, கயிறா?

தபால் என்றேன்.
யாரிடமிருந்து?
யாரிடமிருந்து வேண்டுமானாலும் என்றேன்.
தேர்வு தொடங்கும் முன்பே
ஒரு பதில் தப்பாகிப் போனது.

கேமரா பார்த்துக்கொண்டிருக்க
ஐந்து மாடிக் கயிற்றைக் கைமேல் கையாக
இழுத்துச் சுருட்டினேன்.
கவ்வியில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததையும் காட்டச் சொன்னார்.

முப்பத்தோராவது கேள்வியில் விசிறி தளர்ந்தது.
நாற்பதில், கீழிருந்து யாரோ கத்தினார்கள்:
ஐந்தாம் மாடி! கயிறு எங்கே?
திரையை விட்டுக் கண்ணை எடுத்தால் குற்றம்.
இரண்டாம் முறை கத்தினார்கள்.
மூன்றாம் முறையும்.
யார், எதற்கு என்று
இன்றுவரை தெரியாது.

தேர்ச்சி.

அப்புறம் வேலைகளைப் பார்த்தேன்.
ஒன்றுக்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும்.
ஒன்று கோலாலம்பூரில்.
ஒன்று இதே ஊரில், மூன்று தெரு தள்ளி ஒரு வங்கி.
சம்பளத்தைச் சொல்லும்போது
அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.
ஆனாலும் வாருங்கள் என்றாள்,
எங்கள் சர்வர் அறையில் யாருமே மிச்சமில்லை.
சான்றிதழ் வேண்டும். காகிதத்தில்.

கீழ்க்கடை கோ லின் ஜெனரேட்டர் போடுகிறவரை காத்திருந்து
கோப்பை அனுப்பினேன்.
மணி அடித்தது.
இழுத்தேன்.
இரண்டாம் மாடியில் யார் வீட்டு ஈரச்சட்டையிலோ உரசி,
காற்றில் முகம் காட்டி, முதுகு காட்டி,
மறுபடி முகம் காட்டி
சூ சூ மார் மேலே வந்தாள்.
மூலையில் கவ்வியின் பல் பதிந்திருந்தது.

"கலர் பிரிண்ட்! ஆயிரத்து ஐந்நூறு!"
கீழிருந்து கோ லின்.
நோட்டுகளைக் கவ்வவைத்து இறக்கினேன்.
கீழ் நுனியில் மணி கிடையாது.
அவர் கையைத் தட்டினார்.