இடுப்பில் இன்னொருத்தி

தையல் ஆறிய கோட்டின் நடுவில் கடுகளவு ஓட்டை.
ஒரு நாள் நீர், ஒரு நாள் சீழ்.
கொசுக்கடி என்று நினைத்தேன்,
அப்புறம் புடவைக்கட்டு உரசுகிறது என்று.
சயான் கோலிவாடா ரேஷன் வரிசையில்
பின்னால் நின்றவள்தான் சொன்னாள்:
"அக்கா, பாவாடை நனைஞ்சிருக்கு."

இருபத்தேழு வருடம் டிக்கெட் பரிசோதகர்.
குர்லாவில் கூட்டத்தோடு இறங்கி
அந்தப் பக்கம் முகம் திருப்புகிறவளை
முதுகை வைத்தே பிடித்துவிடுவேன்.
என் இடுப்புக்குள் நாலு வருடமாக
ஓசியில் போய்வந்தவற்றைப்
பிடிக்கத் தெரியவில்லை.

பரேலில் டாக்டர் கர்வே
எக்ஸ்ரேயைத் திரையில் திறந்தார்.
செயற்கைக் கிண்ணத்தைச் சுற்றிலும் கறையான் வரி.
"எலும்பு இவ்வளவு இல்லை" என்று
பேனா மூடியால் வட்டம் போட்டார்,
அமாவாசையைச் சுட்டிக் காட்டுவதுபோல.

முதல் தடவை எல்லாவற்றையும் கழற்றினார்கள்.
உலோகத் தண்டு வர மறுத்ததாம்,
தொடையெலும்பில் ஜன்னல் வெட்டி எடுத்தார்களாம்.
அந்த இடத்தில், மருந்து குழைத்த சிமெண்டில்
தற்காலிக மூட்டு ஒன்று.
"தினம் தண்ணி ஊத்தணுமா டாக்டர்?" என்றார்
கட்டட மேஸ்திரியான என் வீட்டுக்காரர்.
நர்ஸ் லிசம்மா இந்தியில் சொன்ன பிறகுதான்
கர்வே சிரித்தார்.

ஒன்பது வாரம்.
இடது கால் இரண்டு விரற்கடை குட்டை.
கழிப்பறைக்குப் பதினொரு அடி.
கைநரம்பில் குழாய்.
செவ்வாய்தோறும் ரத்தத்தில் ஓர் எண்:
தொண்ணூற்று நாலு. ஐம்பத்தெட்டு.
முப்பத்தொன்று. முப்பத்தாறு.
அந்த முப்பத்தாறு வந்த இரவு
அவர் பாத்திரம் கழுவுவது
வெகுநேரம் கேட்டது.
இருந்தது இரண்டே தட்டு.

பிறகு பதினாலு.
பிறகு நாலு.

இரண்டாம் தடவைக்கு முந்தின நாள்
எலும்பு வங்கியின் பாரம் வந்தது.
பெயர் கிடையாது. பெண், அறுபத்தெட்டு, ஓர் எண்.
அவளுக்குப் புது மூட்டு வைத்தபோது அறுத்தெடுத்த
தொடையெலும்பின் தலை.
மைனஸ் எண்பதில் உறைந்து கிடப்பதைத் துருவி
என் பள்ளத்தில் சுத்தியலால் தட்டி நிரப்புவார்கள்.
"தேங்காய்த் துருவல் மாதிரி" என்றாள் லிசம்மா.
அன்று இட்லிக்குச் சட்னி தொடவில்லை.

அபராத ரசீதில் பெயர் எழுதுவேன்,
வயது, முகவரி, ஏறிய நிலையம்.
இவள் எங்கே ஏறினாள்?
டோம்பிவிலியா, முலுண்டா?
மூணு பேர் சீட்டில் நாலாவதாக
"தோடா சர்கோ" என்று
இடுப்பால் என்னை நெருக்கியவளா?
இருநூற்றைம்பது கட்டிவிட்டு
தாதர் பாலத்தடியில் நின்று அழுதாளே, அவளா?
இப்போதும் நெருக்கித்தான் உட்காரப் போகிறாள்.

அப்போதுதான் உறைத்தது, எனக்கும் ஒரு தலை இருந்தது.
நாலு வருடம் முன், வேறு ஆஸ்பத்திரியில்,
முதல் மூட்டுக்காக அறுத்தது.
அவர்கள் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.
"மஞ்சள் பையில் போட்டு எரிச்சிருப்பாங்க" என்றாள்.
கோவில்பட்டிக் கல்யாணங்களில்
மஞ்சள் பையில்தான் தேங்காய் தருவார்கள்.

ஆறு மாதம் ஆகிறது.
ஸ்டேஷன் பாலத்தில் முப்பத்தெட்டுப் படி,
கைத்தடியோடு, நடுவில் ஒரு தடவை நின்று.
படம் பார்த்து "பிடிச்சுக்கிட்டு வருது" என்கிறார் கர்வே.
"பிடிச்சிடுச்சு" என்று இன்னும் சொல்லவில்லை.

வெளியே பக்கத்து நாற்காலியில் ஒருத்தி,
முதல் மூட்டுக்கு வந்தவள்,
அதே பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
"கொடுத்தா வலிக்குமா?" என்றாள் இந்தியில்.
"வலிக்கிறதைத்தானே கேக்குறாங்க."
அவள் சிரிக்கவில்லை.
என் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு
வெகுநேரம் எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

எண் கூப்பிட்டார்கள். அவளுடையதுதான்.
பேனாவை என் மடியில் போட்டு,
பாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
கையெழுத்து இருந்ததா என்று
நான் பார்க்கவில்லை.