போலே போலே

உவரியிலிருந்து திரும்பும்போதே இருட்டிவிட்டது.
எதிரே ஒற்றை வெளிச்சம்.
வலப்பக்க இண்டிகேட்டரைத் தட்டினேன்.
"ஆருக்குப் போடுதிய?
அந்தப் பக்கம் முள்ளுக்காடுல்லா"
என்றாள் சுயம்புகனி.

பதினோரு மாதம் கென்யாவின் வடக்கே
காற்றாடிகளுக்குக் கிரீஸ் வைத்த கை,
பழக்கம் விடவில்லை.
இரவில் எதிரே வண்டி கண்டால்
அங்கே வலது விளக்கை மினுக்குவார்கள்:
என் உடம்பு இதோடு முடிகிறது,
மிச்ச ரோடு உன்னுடையது.

கம்பெனி தந்த தாளில் பதினேழு விதிகள்.
இருட்டிய பின் ஓட்டாதே என்பது முதலாவது.
ஒட்டகத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.
ஊர் வந்தால் மேடு வரும்,
மேட்டுக்குப் பெயின்ட் இருக்காது,
காய்ந்த ஆற்றைக் கடக்குமுன்
மலைப்பக்கம் மேகம் பார்,
இதெல்லாம் எகிரு சொன்னது.
பக்கத்து சீட்டில் இருந்து
ரோட்டைப் பார்க்காமல் என் வலது காலையே பார்ப்பான்.
கால் அழுந்தினால்
"போலே போலே" என்பான்.
மெதுவா என்று அர்த்தம்.
எதைப் போல, எதைப் போல என்று
என் பணகுடிக் காது கேட்டுக்கொண்டே இருந்தது.

திசையன்விளைக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில்
பின்சக்கரம் படுத்துக்கொண்டது.
சிவப்பு முக்கோணத்தை மச்சினன் இரவல் வாங்கிப்போய்
இரண்டு மாதம்.
எகிரு ஊரில் கொப்பு ஒடித்து
ரோட்டில் போடுவார்கள்,
அது போதும், எல்லோருக்கும் விளங்கும்.
நானும் உடைமரத்தில் ஒரு கொப்பை வளைத்தேன்.
அதே குடை, அதே வெள்ளை முள்.

"நமக்குப் பஞ்சரானா
ஊருக்கெல்லாம் ஆகணுமாக்கும்?"
அவள் செல்போன் வெளிச்சத்தில் விளைக்குள் இறங்கி
காய்ந்த பனையோலை இரண்டை
சரசரவென இழுத்து வந்தாள்.
ஐம்பது எட்டில் ஒன்று, நூறில் ஒன்று.

ஜாக்கி ஏறிக்கொண்டிருந்தபோது
மணல் லாரி ஒன்று வந்தது.
தூரத்திலேயே ஓலை பளிச்சென்றிருக்க வேண்டும்.
சத்தம் தணிந்து, ஒதுங்கி,
கருக்கலில் ஒரு யானை போல எங்களைக் கடந்தது.
ஓட்டியவன் முகம் தெரியவில்லை.

ஸ்டெப்னி மாட்டிக் கிளப்பினேன்.
"நில்லுங்க" என்று இறங்கிப் போனாள்.
பின்விளக்கின் சிவப்பில் அவள் முதுகு,
மேலே தட்டையாய் விரிந்த மரம்.
ஒரு நொடி
எந்த நாட்டு ரோட்டில் நிற்கிறேன் என்று
குழம்பித்தான் போனேன்.

ஓலைகளைப் பின்சீட்டில் திணித்துவிட்டுச் சொன்னாள்:
"கெடக்கட்டும்.
ஒங்க மச்சினன் முக்கோணத்தத் தரப்போறதில்ல."