போலே

மெகெனாஞ்ஞாவிலிருந்து கடைசி நிறுத்தம் வரை
பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டபடி
நான் கூவுகிற சொல் ஒன்றுதான்:
போலே, போலே, போலே!
பேட்டைக்கும் அதுதான் பெயர், விமான நிலையத்துக்கும் அதுதான்.
நாலு வருஷமாக அதன் வாசல் வரை போய்
ஆளை இறக்கிவிட்டுத் திரும்புகிறேன்.

பெலாய் கொடுத்த நகல் புத்தகம்
டிரைவர் கெத்தாஹுன் சீட்டுக்கடியில் ஜாக்கியோடு கிடக்கிறது.
நாற்பத்தோராம் பக்கத்தைக் காணோம்.
விடைகள் அதில்தான் இருந்தனவாம்.

'பன்னிரண்டு பேர் அமரும் வண்டியில்
பதினெட்டுப் பேர் ஏறினால் எத்தனை சதவீதம் மிகை?'
ஐம்பது. யோசிக்கவே இல்லை.
முனையில் போலீஸ் நின்றால் பூஜ்யம்,
ஆறு பேரைக் குனியச் சொல்லிவிடுவோம்.
அதை எழுதக் கட்டம் இல்லை.

பத்து பிர் ஆள்காட்டி விரலிடுக்கில்,
ஐம்பது அதற்கடுத்து, நூறு சுண்டுவிரல் பக்கம்.
யார் கொடுத்தது, யாருக்கு மீதி,
யார் தூங்குவதுபோல் நடிக்கிறார்
எல்லாம் என் இடதுகைக்குத் தெரியும்.
பென்சில் பிடித்த வலதுகைதான்
மழலை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

'பறவைக்கு இறகு போலே மீனுக்கு எது?'
செதிலா, துடுப்பா?
சிக்னல் விழுவதற்குள் சொல்லியாக வேண்டும்.
பின்சீட்டுக்காரர் 'முள்' என்கிறார்,
இறங்கும்போது.

பிறகு நேரக்கணக்கு.
எங்களுக்கு விடிந்தால்தான் மணி ஓடத் தொடங்கும்;
ஊருலகத்தின் ஏழு, எங்கள் ஒன்று.
புத்தகத்திலோ நள்ளிரவில் பிறக்கிறது நாள்,
எல்லாரும் உறங்கும்போது, திருடன் மாதிரி.
'23:40-க்கு இறங்கிய பயணி
தொண்ணூற்றைந்து நிமிடம் காத்திருந்தால்?'
இரவு ஏழேகால் என்று எழுதினேன்.
01:15 என்று அடித்துத் திருத்தினான் பெலாய்.
நிலா ஒரே இடத்தில்தான் இருந்தது.

குறுஞ்செய்தி வந்தது:
புதன், இரண்டாம் கூடம், 3 மணி.
எந்த மூன்று?
காலை மூன்று, அடித்துச் சொன்னான் பெலாய்.
விமானக்காரர்களின் மூன்று, அது சாயங்காலத்துப் பக்கம், என்றார் கெத்தாஹுன்.
பிந்திப்போனால் கதவு சாத்தியிருக்கும்,
முந்திப்போனால் கால்தானே வலிக்கும்.
காலையிலேயே போய் நின்றேன்.
காவலாளி வாய்விட்டுச் சிரித்தார்:
'இன்னும் ஆறு மணி நேரம் கிடக்கு, தங்கச்சி!'

வேலிக்கம்பியில் நெற்றி பதித்து நின்றேன்.
இரண்டு ஒளிக்கோல்களைக் குறுக்கே பிடித்தாள் ஒருத்தி.
கட்டடம் அளவு விமானம் சட்டென்று நின்றது.
அதே கோலால் காதைச் சொறிந்துகொண்டாள்.

வளைவில் திரும்பிய பெட்டிவண்டியிலிருந்து
ஊதாப்பெட்டி ஒன்று உருண்டு விழுந்தது.
யாரும் பார்க்கவில்லை.
நான் கத்தினேன், ஊரையே திருப்பும் என் குரல்
எஞ்சின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.
இருபத்தேழு நிமிடம், எண்ணினேன்.
தூறல் விழுந்தபின் ஒரு பையன் ஓடிவந்து
சட்டைக்கையால் துடைத்து எடுத்துப்போனான்.
இதைப் பற்றி எந்தப் பக்கத்திலும் கேள்வி இல்லை.

நாற்பது கேள்வி, இருபத்தைந்து நிமிடம்.
முக்கோணங்கள் சுழன்றன, ரயில்கள் எதிரெதிரே வந்தன,
மீன் வரவே இல்லை.
கடைசிப் பகுதியில்:
'நான் ஒருபோதும் பொறுமை இழப்பதில்லை.'
முழுமையாக ஏற்கிறேன்.
அடுத்த தாளில்: 'என்னை எளிதில் கோபப்படுத்த முடியாது.'
ஏற்கிறேன்.
அதற்கடுத்த தாளில் அதே ஆள் வேறு சட்டையில் வந்தான்.
நேற்று கிழிந்த நோட்டை நீட்டி
'உன் மூஞ்சிக்கு இதுவே அதிகம்' என்றவனை
நடுரோட்டில் இறக்கிவிட்டது நினைவு வந்தது.
சிலசமயம், என்று குறியிட்டேன்.
மணி அடித்தது.

வெளியே எங்கள் நீல வண்டி.
காலையிலிருந்து தானே ஓட்டி, தானே கூவி
தொண்டை கட்டிப்போயிருந்தார் கெத்தாஹுன்.
எப்படி எழுதினாய் என்று கேட்கக் குரல் இல்லை;
பணக்கட்டை என் கையில் திணித்தார்.
ஜன்னலில் தொற்றிக்கொண்டேன்.
திரும்பிப் போகிற வண்டி,
மெகெனாஞ்ஞா என்றல்லவா கூவ வேண்டும்?
வாய் கேட்கவில்லை:
போலே, போலே, போலே!

'அங்கேதானேம்மா நிற்கிறோம்' என்றது ஒரு குரல்.
வண்டி முழுக்கச் சிரிப்பு.
சரி சரி,
ஐந்து பிர் மீதி யாருக்கு?