மடை

வுப்பர்டாலில் மழை.
ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில்
நனைந்துகொண்டே போகிறது.

திரையில் என் இடுப்பெலும்பின் மஜ்ஜை.
"பழுப்பாகத் தெரிவதெல்லாம் நாளங்கள், ஹைட்ரூன்.
இத்தனை இருக்கக் கூடாது."
டாக்டர் கோவாலிக்
எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டார்.

இரத்தத்திலேயே பிறந்த நோய்க்கு
இரத்தம் போதவில்லையாம்.
யாரையும் கேட்காமல்
தனக்கென்று வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது.

"அடைக்க ஒரு மருந்து உண்டு" என்றவர்
பெயரைச் சொல்லாமல் மேசையைப் பார்த்தார்.
அம்மாவும் அப்படித்தான்,
கடைசிவரை சொல்லவில்லை.

அறுபத்தொன்றில்,
தூக்கம் வராத மசக்கையில்
அவள் விழுங்கியது.
என் கைகளை நோக்கிக் கிளம்பிய
நூல் நாளங்கள்
வழியிலேயே நின்றன.
வந்து சேர்ந்தது
தோளுக்கு மூன்று விரல்.

வீட்டில் டப்பாவைப் பல்லால் பிரித்தேன்.
அட்டையில் கர்ப்பிணிப் படம், குறுக்கே சிவப்புக் கோடு.
எனக்கு அறுபத்திரண்டு.
தனியாக இருந்ததால் சத்தமாகவே சிரித்தேன்.

பிறகு தலையைச் சாய்த்து
அந்த மூன்று விரலாலேயே எடுத்து
நாக்கில் வைத்தேன்.

போ.
உனக்குத்தான் இந்த உடம்பு பழக்கமாயிற்றே.
இந்தத் தடவையாவது
மடை மாறாமல் அடை.