ஏற்கெனவே ஒருவர்

சாவி கைக்கு வந்த அன்றே தட்டிப் பார்த்தேன்.
அஞ்சல் குறியீடு, வீட்டு எண், சாலைப் பெயர்.
பெட்டிகளைப் பிரிக்கவில்லை இன்னும்.
அடுப்பு மேடையில் கைப்பேசி, பக்கத்தில் ஆறிப்போன தேநீர்,
சன்னலுக்கு வெளியே அரிஷாட் துறைமுகம்
மார்ச் மாதத்துப் பனிக்கட்டியைக்
கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது.

சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது,
பிறகு சொன்னது:
இந்த முகவரிக்குப் புதிய இணைப்புத் தகுதி இல்லை.
இங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

சிரிக்காதீர்கள்,
திரும்பிப் பார்த்தேன்.
வெறும் அறை. படங்கள் தொங்கிய இடங்களில்
சுவர் மட்டும் கொஞ்சம் இளமையாக இருந்தது.

நாற்பது நிமிடம் பியானோ கேட்ட பிறகு
டெவன் என்றொரு பையன் வந்தான்.
யார் அந்த ஒருவர்?
பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, மிஸ் பூத்ரோ.
நீங்கள் சொன்னால், சரியா தவறா என்று சொல்வேன்.

அஞ்சல் பெட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்த
மளிகைக்கடைத் துண்டுத்தாளைச் சுரண்டி எடுத்து வாசித்தேன்:
ஆர்ஸேன் லாந்திரி.
சரி, என்றான், வினாடி வினா நடத்துகிறவன்போல.
அவர் இங்கே இல்லையே, டெவன்.
எங்கள் பதிவில் இருக்கிறார்.
அவரே அழைத்து விலக வேண்டும்,
இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ்.
உயிரோடு இருக்கிறாரா என்றாவது சொல்.
கீபோர்டு சத்தம் கேட்டது.
அதற்கு என் திரையில் கட்டம் இல்லை, என்றான்.

மீன் ஆலையில் இவெட் சொன்னாள்:
இருக்கிறார். பாலம் தாண்டி, முதியோர் இல்லம், பதினான்காம் அறை.
நண்டு ஓடு ஒட்டிய கையுறையால் திசை காட்டினாள்.

ஞாயிறு போனேன். கையில் டெவன் அனுப்பிய படிவம்.
போர்வைமேல் டேப்லட்டைச் சாய்த்து வைத்து
மான்ட்ரியல் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.
நிமிராமலே கேட்டார்:
என் சமையலறையில் இருப்பவள் நீதானா?

வீட்டை விற்றது தம்பி மகன்.
கையெழுத்து, சாவி, படகு, எல்லாம் அவன் பொறுப்பு.
இந்தக் கணக்கை மட்டும் மறந்துவிட்டான்.
மாதம் எண்பத்தேழு டாலர்
என் ஓய்வூதியத்திலிருந்து ஒழுங்காகப் போகிறது.
இந்த இல்லத்துத் தொலைக்காட்சியில் வருவது
வானிலையும் பிரார்த்தனையும்தான்.
ஹாக்கி என் கணக்கில்தான் வரும்.
விலகினால் நான் எதைப் பார்ப்பது, சொல்.

சொல்ல என்னிடம் என்ன இருந்தது?
படிவத்தை நான்காக மடித்தேன்.
இடைவேளையில் பேரம் பேசினோம்,
சந்தையில் மீனுக்குப் பேசுவதுபோல, முகத்தைப் பார்க்காமல்.
பாதிப் பணம் என்னுடையது.
கணக்கு அவர் பெயரிலேயே கிடக்கட்டும்.
மோடம் நிலவறையில், எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால்.
கடவுச்சொல் ஒரு படகின் பெயர்.
எழுத்துப் பிழையோடு எழுதிக் கொடுத்தார்,
அப்படியே தட்டு, திருத்தாதே என்றார்.

இரவு டார்ச்சோடு இறங்கினேன்.
குழாய் உறையாமலிருக்க விட்டுவைத்த மின்சாரத்தில்
இரண்டு குளிர்காலமாக யாருக்கோ
கண் சிமிட்டிக்கொண்டிருந்தது ஒரு பச்சை விளக்கு.
மேலே சிலந்தி கட்டிய வலை.
அதுவும் தகுதி பார்க்காமல் குடிவந்ததுதான்.

நேற்று ஒருமுறை, சும்மா, முகவரியைத் தட்டிப் பார்த்தேன்.
ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், என்றது.
ஆமாம், என்றேன்.

இப்போது ஒரே ஒரு தகராறுதான் பாக்கி.
ஆட்டம் அவருக்கு எட்டு வினாடி முன்னால் போய்விடுகிறது,
ஏனென்று டெவனுக்கும் தெரியவில்லை.
என் திரையில் பந்துவட்டு இன்னும் நடுக்கோட்டைக்கூடத் தாண்டவில்லை,
அதற்குள் தொலைபேசி அலறுகிறது.
எடுக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்
ஒவ்வொரு முறையும்.